வாசலில் விழும் நோட்டீஸை வாசலிலேயே நிறுத்தலாம், தெரியுமா?

காலையில் பேப்பரை எடுத்து ஓர் உதறு உதறுங்கள். என்னென்ன விழுகிறது? ஆடித் தள்ளுபடி ஒன்று, தவணையில் வீட்டுமனை ஒன்று, நீட் பயிற்சி ஒன்று, பழைய நகைக்குப் புது நகை ஒன்று. சில நாளில் செய்தியைவிட நோட்டீஸ்தான் கனம்! வேலூர், மேல்விஷாரம், ராணிப்பேட்டை ஒரு பக்கம். பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி மறுபக்கம். தோல் ஷாப்பும் ஷூ கம்பெனியும் நிறைந்த இந்தப் பாலாற்றுப் பகுதி ஊர்களில் எந்த வாசலும் இதற்குத் தப்பவில்லை. விழுந்ததை அள்ளி, எடைக்குப் போடும் மூட்டையில் சொருகிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கிறோம். அந்தத் துண்டுக் காகிதத்துக்குப் பின்னால் எத்தனை கதை இருக்கிறது தெரியுமா? அதை 'எனக்கு வேண்டாம்' என்று சொல்ல நமக்கு எவ்வளவு உரிமை இருக்கிறது, அதாவது தெரியுமா?

கம்பி வழியே வீடு தேடி வந்து எரிச்சல் மூட்டிய விளம்பரங்களில், தெரிந்தவரை மிகப் பழையது எது? எஸ்.எம்.எஸ். இல்லை. ஈமெயிலும் இல்லை. தந்தி! 1864 மே மாதம் லண்டனில் அரசியல் பிரமுகர்கள் சிலரின் வீட்டுக் கதவு மாலை நேரத்தில் தட்டப்பட்டது. தந்தி வந்திருக்கிறது என்றதும் பதறிப் பிரித்தார்கள். உள்ளே இருந்தது பல் வைத்தியர் கேப்ரியல் நிறுவனத்தின் விளம்பரம். காலை 10 மணி முதல் மாலை 5 மணி வரை வைத்தியம் பார்ப்பார்களாம்! கோபம் தாங்காத ஒருவர் டைம்ஸ் பத்திரிகைக்கே கடிதம் எழுதிவிட்டார். நம் வீடுகளில் தந்தி என்றாலே சாவுச் செய்திதான் என்று பெரியவர்களுக்கு அடிவயிறு கலங்குமே! 2013 ஜூலையில் இந்தியாவில் தந்திச் சேவையே முடிந்துபோனது. அந்தத் தந்தியில் பல் வைத்தியர் விளம்பரம் வந்திருந்தால் நம் பாட்டிமார் என்ன சொல்லியிருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

ஈமெயில் குப்பைக்கும் பிறந்த நாள் உண்டு. 1978 மே 3. கேரி துர்க் என்ற கணினி விற்பனையாளர், இணையத்துக்கு முன்னோடியான அர்ப்பாநெட்டில் இருந்த சுமார் 400 பேருக்கு ஒரே விளம்பரத்தை ஒரே வீச்சில் அனுப்பினார். கண்டனம் குவிந்தது. இருந்தும் கணினி விற்றது என்று பின்னாளில் அவரே சொன்னார். அன்று தொடங்கியது இன்று எங்கே வந்து நிற்கிறது? உலகம் முழுக்க ஓடும் ஈமெயிலில் ஏறக்குறைய பாதி வேண்டாத குப்பை! இதற்கு 'ஸ்பேம்' என்று பெயர் வந்த கதை இன்னும் வேடிக்கை. ஸ்பேம் என்பது 1937-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த டின் இறைச்சி. 1970-இல் பிரிட்டிஷ் தொலைக்காட்சி நகைச்சுவை ஒன்றில், ஓட்டலில் எதைக் கேட்டாலும் ஸ்பேம், ஸ்பேம் என்றே பதில் வரும். கேட்டதைக் கொடுக்காமல் கேட்காததையே திணிக்கிறார்கள் அல்லவா? பெயர் ஒட்டிக்கொண்டது.

நம் ஊருக்கு வருவோம். இந்தியாவில் போஸ்ட் கார்டு 1879 ஜூலை 1 அன்று வந்தது. விலை கால் அணா. அந்தக் கார்டைப் பிடித்துக்கொண்டு வந்ததுதான் சங்கிலிக் கடிதம். 'இதைப் படித்ததும் பத்துப் பேருக்கு எழுதி அனுப்பு. அனுப்பியவருக்குப் புதையல் கிடைத்தது, கிழித்துப் போட்டவருக்குக் கெடுதல் வந்தது' என்று மிரட்டும் கார்டைப் பார்க்காத தெரு அந்தக் காலத்தில் இருந்ததா? பயந்துபோய், பள்ளிக்கூடப் பிள்ளைகளை உட்காரவைத்துப் பத்துக் கார்டு எழுதிய வீடுகள் எத்தனை! இப்போது கணக்கைப் பாருங்கள். ஒருவர் பத்துப் பேருக்கு, அந்தப் பத்துப் பேரும் ஆளுக்குப் பத்துப் பேருக்கு என்று போனால், பத்தாவது சுற்றில் எழுத வேண்டிய கார்டு 1,000 கோடி. உலகத்தின் மொத்த ஜனத்தொகையே அவ்வளவு கிடையாது! ஆகவே எல்லாரும் கீழ்ப்படிந்து எழுதுவது நடக்கவே முடியாத காரியம். இதே கணக்கைப் பணத்தில் காட்டி ஏமாற்றுவதைத் தடுக்கத்தான் 1978-இல் பரிசுச் சீட்டு, பணச் சுழற்சித் திட்டங்களைத் தடை செய்யும் மத்தியச் சட்டம் வந்தது. வாட்ஸ்அப்பில் இன்று 'பத்துக் குழுவுக்கு அனுப்பு' என்று வருவது அந்தக் கால் அணாக் கார்டின் பேரப்பிள்ளை.

அடுத்து வருவதைக் கேட்டால் வேலூர்க்காரர்களே அசந்துபோவார்கள். ஒரு துண்டுப் பிரசுரம் இல்லாவிட்டால் சி.எம்.சி. ஆஸ்பத்திரியே இல்லாமல் போயிருக்கலாம், தெரியுமா? 1800-களின் தொடக்கத்தில் நியூயார்க்கில் ஜான் ஸ்கடர் என்ற இளம் டாக்டர் நோயாளி ஒருவரைப் பார்க்க அவர் வீட்டுக்குப் போகிறார். உள்ளே அழைக்கும்வரை முன்னறையில் காத்திருக்க வேண்டும். சும்மா இருந்த கை, அங்கே கிடந்த ஒரு சிறு பிரசுரத்தை எடுக்கிறது. உலகத்தின் பல கோடி மக்களுக்கு ஊழியம் செய்ய ஆள் வேண்டும் என்ற வேண்டுகோள் அதில் இருந்தது. படித்து முடித்தவர், நன்றாக ஓடிக்கொண்டிருந்த தொழிலை விட்டுவிட்டு 1819-இல் குடும்பத்தோடு கப்பலேறினார். முதலில் யாழ்ப்பாணம். பிறகு 1836-இல் சென்னை. எதற்காகச் சென்னை வந்தார் தெரியுமா? தமிழ் - ஆங்கில அகராதியால் நமக்குப் பெயர் தெரிந்த வின்ஸ்லோவுடன் சேர்ந்து ஓர் அச்சகம் தொடங்க! தன்னை மாற்றியது எதுவோ அதையே அச்சடித்துப் பரப்ப வந்துவிட்டார். அவருடைய பிள்ளைகள் ஆர்க்காட்டுப் பக்கம் ஊழியம் செய்ய வந்தார்கள். பேத்தி ஐடா 1870-இல் நம் ராணிப்பேட்டையில் பிறந்தார். 1900-இல் வேலூரில் ஒரே ஒரு கட்டிலோடு வைத்தியம் தொடங்கினார். அந்த ஒரு கட்டில்தான் இன்று வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் ரயிலேறி வருகிறவர்களுக்கு வைத்தியம் பார்க்கும் சி.எம்.சி. வேலூர் காந்தி ரோட்டில் வங்காள எழுத்தில் பெயர்ப் பலகை தொங்குகிறதே, அதன் வேரைத் தேடிப் போனால் நியூயார்க் வீடொன்றின் முன்னறையில் கிடந்த ஒரு சிறு பிரசுரத்தில் போய் நிற்கிறது!

ஆகவே துண்டுக் காகிதம் என்றாலே குப்பை என்று நான் சொல்ல மாட்டேன். கண் பரிசோதனை முகாம் என்று வருகிற நோட்டீஸ், ரத்த தானம் என்று வருகிற நோட்டீஸ், புதிதாகக் கடை போட்ட தெருக்கோடித் தையல்காரர் பத்து வரியில் அச்சடித்த நோட்டீஸ், இவற்றைப் படித்துத்தான் ஆக வேண்டும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஸ்கடர் அந்தப் பிரசுரத்தைத் தானாகக் கை நீட்டி எடுத்தார். அவர் வீட்டுக் கதவிடுக்கில் யாரும் திணிக்கவில்லை. நான் பேச வந்த விஷயமே அந்த வித்தியாசம்தான்.

அதற்குப் போகும் முன், காகிதத்துக்கும் நம் ஊர்த் தோலுக்கும் இருக்கும் உறவு தெரியுமா? ஐரோப்பாவில் கையால் காகிதம் செய்த காலத்தில், மை ஊறிப் பரவாமல் நிற்க, தாளை ஒரு பசைக் கஞ்சியில் முக்கி எடுப்பார்கள். அந்தப் பசை எதிலிருந்து வந்தது? தோல் ஷாப்பில் வெட்டி எறிந்த தோல் துண்டுகளைக் கொதிக்கவைத்து எடுத்த ஜெலட்டினிலிருந்து! தோல் பதனிடுகிறவர் குப்பை என்று தள்ளியது, கடிதம் எழுதுகிறவரின் தாளுக்கு மெருகு ஆனது. ஆம்பூர்க்காரர்கள் இதைக் கேட்டால் தலையாட்டுவார்கள். தோலில் எந்தத் துண்டுமே வீண் இல்லை என்பது அவர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டிய பாடம் இல்லை.

சரி, பெயரும் முகவரியும் இருந்தால்தான் தபால்காரர் கொண்டுவருவார் என்று நினைக்கிறீர்களா? பெயரே இல்லாமல், கதவு எண்ணே இல்லாமல், 'இந்தத் தெருவில் எல்லா வீட்டுக்கும்' என்று விளம்பரத்தைக் கொண்டுவந்து போடும் சேவையை இந்திய அஞ்சல் துறையே நடத்துகிறது! 'டைரக்ட் போஸ்ட்' என்று பெயர். பெயரோடு வருகிற தபாலுக்கோ பின்கோடுதான் உயிர். 1972 சுதந்திர தினத்தன்று பின்கோடு வந்தது. அதை வகுத்த ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர் சமஸ்கிருதக் கவிஞரும்கூட. இதில் நம் பகுதிக்கு ஒரு சுவாரசியம் உண்டு. வேலூர் 632001. ஆனால் ஆம்பூர் 635802, வாணியம்பாடி 635751. அந்த 635 கிருஷ்ணகிரியும் ஓசூரும் இருக்கும் வரிசை! 2019-இல்தான் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்து ஆம்பூர் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போனது. தபால் கணக்கில் அதற்கு வெகுகாலம் முன்பே ஆம்பூர் தனி வழியில் போய்க்கொண்டிருந்தது.

அதே 2019 இன்னொரு வகையிலும் மறக்க முடியாத வருஷம். நாடாளுமன்றத் தேர்தலில் தமிழ்நாட்டுக்கு ஏப்ரல் 18 ஓட்டுப்பதிவு. பணம் பறிமுதலானதைத் தொடர்ந்து, இரண்டே நாள் முன்னால், வேலூர்த் தொகுதிக்கு மட்டும் தேர்தல் ரத்து! பண பலத்துக்காக ஒரு மக்களவைத் தொகுதியின் தேர்தலையே ரத்து செய்தது நாட்டிலேயே அதுதான் முதல் முறை. பிறகு ஆகஸ்ட் 5-இல் நடந்தது. வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, குடியாத்தம் வீடுகளில் அந்த வருஷம் தேர்தல் நோட்டீஸும் இரண்டு தவணை. தேர்தல் நோட்டீஸின் அடியில் அச்சகத்தின் பெயர் பொடி எழுத்தில் இருக்கும், பார்த்திருக்கிறீர்களா? அழகுக்காக அல்ல. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 127ஏ பிரிவின்படி அச்சிட்டவர், வெளியிட்டவர் இருவரின் பெயரும் முகவரியும் இருந்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்! அடுத்த தேர்தலில் வரும் நோட்டீஸைத் தூக்கிப் போடும் முன் அந்த ஒரு வரியைத் தேடிப் பாருங்கள்.

வேண்டாத விளம்பரத்தை வெளிநாட்டில் என்ன செய்கிறார்கள் தெரியுமா? 1970-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கு ரோவன் வழக்கு வந்தது. தபாலில் விளம்பரம் அனுப்பும் கம்பெனிகள், 'எங்கள் பேச்சுரிமை என்ன ஆவது?' என்று கேட்டன. நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்ன பதிலின் சாரம் இது: உங்கள் உரிமை, வேண்டாம் என்கிறவரின் தபால் பெட்டி வரைதான். எது வேண்டாதது என்று தீர்மானிப்பவரும் வீட்டுக்காரர்தான். ஆபாசமாக இருக்க வேண்டும் என்றில்லை, வெறும் துணிக்கடை விலைப்பட்டியலாக இருந்தாலும் அவர் வேண்டாம் எனலாம்! ஜெர்மனியில் 1988-இல் அந்நாட்டின் உயர்ந்த சிவில் நீதிமன்றம், பெட்டியில் 'விளம்பரம் வேண்டாம்' என்று ஒட்டியிருந்தால் அதற்குக் கட்டுப்பட வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. ஆம்ஸ்டர்டாம் நகரமோ எல்லாரையும் மிஞ்சிவிட்டது. 2018 ஜனவரி 1 முதல் அங்கே விதியே தலைகீழ். 'வேண்டும்' என்று ஸ்டிக்கர் ஒட்டிய வீட்டுக்கு மட்டும்தான் முகவரியில்லாத விளம்பரத்தைப் போடலாம். ஒன்றும் ஒட்டாவிட்டால் வேண்டாம் என்று பொருள்! அச்சடிப்பவர்கள் வழக்குப் போட்டார்கள். 2021-இல் நெதர்லாந்து உச்ச நீதிமன்றம் நகரத்தின் பக்கம் நின்றது. நம் சொந்தக்காரர்கள் நிறைய இருக்கும் சிங்கப்பூரில், தொந்தரவு அழைப்புகளைத் தடுக்கும் பதிவேடு 2014 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது.

இதையெல்லாம் படித்துவிட்டு, 'அவர்கள் ஊரில் நடக்கும், நம் ஊரில் யார் கேட்பார்கள்?' என்று பெருமூச்சு விடாதீர்கள். ஏனென்றால் இந்தியாவில் 'குப்பை போட்டவரே செலவை ஏற்க வேண்டும்' என்ற கொள்கையை நிலைநாட்டிய பெரிய தீர்ப்புகளில் ஒன்று இந்த மண்ணிலிருந்துதான் பிறந்தது!

பாலாற்றில் கலந்த தோல் கழிவை எதிர்த்து வேலூர் மக்கள் நல மன்றம் 1991-இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. வாதாடியவர் எம்.சி. மேத்தா. 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்புச் சொன்னது. தமிழ்நாட்டின் தோல் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுதாகவோ கெட்டுவிட்டது என்று, வேலூரிலேயே இருந்த வேளாண் பல்கலைக்கழக ஆய்வு மையம் கண்டறிந்ததை நீதிமன்றம் எடுத்துக்காட்டியது. தோல் தொழில் நாட்டுக்கு அந்நியச் செலாவணி தருகிறது, வேலை தருகிறது, அது உண்மைதான். அதற்காகச் சுற்றுப்புறத்தைக் கெடுக்க உரிமை இல்லை என்றது. ஒவ்வொரு தோல் ஷாப்புக்கும் 10,000 ரூபாய் அபராதம் போட்டது. சுற்றுச்சூழல் வழக்குகளைக் கேட்கச் சென்னை உயர் நீதிமன்றத்தில் தனியாகப் பசுமை அமர்வு வேண்டும் என்றது. சட்டக் கல்லூரி மாணவர் யாரைக் கேட்டாலும் 'வேலூர் கேஸ்' என்று சொல்லுவார். நம் ஊர்ப் பெயர் நாடு முழுக்கப் பாடப்புத்தகத்தில் இருக்கிறது! அதோடு முடியவில்லை. 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மறுபடியும் இதே பகுதிக்காக, பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு கொடு, செலவைக் கெடுத்தவரிடம் வசூல் செய் என்று உத்தரவிட்டது.

ஆற்றுக்கும் நோட்டீஸுக்கும் முடிச்சுப் போடுகிறேனா? ஆமாம், தெரிந்தேதான் போடுகிறேன். ஒரு மனைப்பிரிவுக்காரர் ஆயிரக்கணக்கில் நோட்டீஸ் அச்சடிக்கிறார். அவருக்கு நாலு பேர் போன் செய்தால் போதும். மீதியைக் கூட்டுவது யார்? வீட்டில் இருக்கும் பெண். அள்ளுவது யார்? தூய்மைப் பணியாளர். மழை பெய்தால் சாக்கடையை அடைப்பது எது? வழவழ என்று பிளாஸ்டிக் பூச்சு பூசிய அதே அட்டை. அந்தப் பூச்சு இருந்தால் பழைய பேப்பர் கடைக்காரர்கூடத் தயங்குவார், ஏனென்றால் அரைத்துக் கூழாக்கும்போது பிளாஸ்டிக் பிரியாது. லாபம் ஒருவருக்கு, செலவு ஊருக்கு. பாலாற்றுக் கரையில் நடந்த அதே கதைதான் இங்கே சிறு அளவில் நடக்கிறது. ஆறு கெட்ட அளவுக்கு இது பெரிய கேடு இல்லை, அதை அளந்துதான் பேசுகிறேன். ஆனால் நியாயம் ஒன்றுதான்.

இப்போது சொல்லுங்கள், ஒரு காசு செலவில்லாமல் இதை எவ்வளவு குறைக்கலாம் தெரியுமா?

பேப்பருக்குள் வரும் பிட் நோட்டீஸைப் பத்திரிகை ஆபீஸ் வைப்பதில்லை. பெரும்பாலும் உங்கள் ஊர் ஏஜென்டிடம் காசு கொடுத்து விடிகாலையில் உள்ளூரிலேயே சொருகப்படுவதுதான். ஆகவே நிறுத்தும் சாவியும் உள்ளூரில்தான் இருக்கிறது! மாதச் சந்தா வாங்க வரும்போது ஒரு வார்த்தை: "தம்பி, எங்க வீட்டுக்கு நோட்டீஸ உருவிட்டு வெறும் பேப்பர் மட்டும் போடுப்பா." நான் சொன்னபோது அந்தப் பையன், "சரிங்கக்கா, எனக்கும் கனம் கொறையும்" என்றான். முதல் வாரம் இரண்டு முறை மறந்தான். நினைவுபடுத்தினேன். அதற்குப் பிறகு வெறும் பேப்பர்தான் வருகிறது. கோபித்துக்கொண்டு சொல்லாதீர்கள். மழையிலும் பனியிலும் சைக்கிள் மிதிக்கிற பிள்ளை அவன்.

தபாலில் பெயர் போட்டு வருவதை என்ன செய்வது? வாங்கித்தான் ஆக வேண்டும் என்று யார் சொன்னது? பிரிக்காமல், உறையின் மேல் 'பெற மறுக்கிறேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தபால்காரரிடமே திருப்பிக் கொடுக்கலாம். இறந்துபோனவர் பெயருக்கு வந்தால் அதையும் எழுதித் திருப்பலாம். என் அப்பா போய் ஆறு வருஷம் ஆகிறது. 'அன்பு வாடிக்கையாளரே, உங்களுக்காகவே ஒரு சலுகை' என்று அவர் பெயருக்கு ஒரு கம்பெனியின் கடிதம் வந்துகொண்டே இருந்தது. ஒவ்வொன்றையும் அம்மா வாங்கி, பெயரைப் படித்து, அலமாரியில் வைத்துவிடுவார். கிழிக்க மனசு வராது. நாலு உறையை 'காலமானார்' என்று எழுதித் திருப்பினேன். ஐந்தாவது வரவில்லை. வேண்டாத தபால் என்றால் காகிதம் மட்டும் இல்லை, இந்தத் துயரமும்தான்.

பங்கு வைத்திருக்கும் வீடுகளுக்குத் தடித் தடியாக ஆண்டறிக்கை வந்துகொண்டிருந்ததே, நினைவிருக்கிறதா? 2011 ஏப்ரலில் மத்திய கம்பெனி விவகார அமைச்சகம் 'பசுமை முயற்சி' என்று சுற்றறிக்கை விட்டு, அதை ஈமெயிலில் அனுப்பினாலே போதும் என்றது. இன்னும் காகிதம் வந்தால் உங்கள் ஈமெயில் அங்கே பதிவாகவில்லை என்று பொருள். பதிந்துவிடுங்கள். அந்த ஈமெயிலும் குப்பையால் நிரம்புகிறதா? 2024 பிப்ரவரி முதல் கூகுளும் யாஹூவும் ஒரு விதி போட்டிருக்கின்றன. மொத்தமாக விளம்பரம் அனுப்புகிற ஒவ்வொருவரும் ஒரே தட்டலில் விலகிக்கொள்ள வழி வைக்க வேண்டும், இரண்டு நாளில் நிறுத்த வேண்டும்.

போன் விஷயம்தான் பெரிய தொல்லை. அதற்கு அரசாங்கம் கொடுத்திருக்கும் எண் 1909. பத்துப் பேரில் எத்தனை பேருக்குத் தெரியும்? உச்ச நீதிமன்றத்தில் ஒரு வழக்கறிஞர் தொடுத்த பொதுநல வழக்குக்குப் பிறகு, 2007-இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் இதற்கான விதிகளைக் கொண்டுவந்தது. 2018-இல் அவை இன்னும் இறுகின. ஆங்கில எழுத்தில் 'ஸ்டார்ட்' என்று அடித்து, இடம் விட்டு 0 போட்டு, 1909-க்கு அனுப்பினால் எல்லா விளம்பரத்துக்கும் தடை. எழுதத் தெரியாதவர்கள் அந்த எண்ணுக்கே போன் செய்யலாம். வங்கி, வீட்டுமனை, கல்வி, ஆரோக்கியம் என்று எட்டு வகையாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். மனை வேண்டாம், பிள்ளைக்குக் கல்வி விளம்பரம் மட்டும் வரட்டும் என்றாலும் வழி உண்டு! ஓ.டி.பி. நின்றுவிடுமோ, பேங்க் மெசேஜ் நின்றுவிடுமோ என்று பயப்படாதீர்கள். அவை நிற்காது.

எஸ்.எம்.எஸ். அனுப்பியவர் பெயருக்குப் பின்னால் ஒரு கோடும் ஓர் ஆங்கில எழுத்தும் ஒட்டிக்கொண்டு வருவதைக் கவனித்தீர்களா? 2025-இல் வந்த திருத்தம் அது. பி என்றால் விளம்பரம், எஸ் என்றால் சேவை, டி என்றால் பணப் பரிவர்த்தனை, ஜி என்றால் அரசாங்கம். விளம்பர அழைப்பு 140-இல் தொடங்கும் எண்ணிலிருந்துதான் வர வேண்டும். வங்கி, காப்பீடு போன்றவற்றுக்கு 1600 வரிசை. சாதாரணப் பத்து இலக்க எண்ணில் கூப்பிட்டு 'லோன் வேணுமா சார்?' என்றால் அதுவே விதி மீறல். அப்படி வந்தால் ஏழு நாளுக்குள் 1909-இல் புகார் கொடுக்கலாம். பத்து நாளில் ஐந்து புகார் சேர்ந்தாலே அந்த எண் மேல் நடவடிக்கை! முன்பு ஏழு நாளில் பத்து புகார் வேண்டியிருந்தது. புகார் கொடுத்து என்ன ஆகும் என்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 2024 ஆகஸ்டில் ட்ராய் கண்டிப்புக் காட்டிய சில வாரங்களிலேயே 2.75 லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகள் துண்டிக்கப்பட்டன. லாட்டரியில் பரிசு விழுந்தது, உங்கள் பார்சலில் போதைப்பொருள் என்று மிரட்டுவது எல்லாம் வெறும் விளம்பரம் இல்லை, மோசடி. அதைப் புகார் செய்ய, மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் 'சக்ஷு' என்ற பகுதி 2024 மார்ச் முதல் இருக்கிறது. தமிழ்நாட்டில் லாட்டரியே 2003-இல் தடை ஆகிவிட்டது. வாங்காத சீட்டுக்குப் பரிசு எப்படி விழும்?

இன்னொரு ஓட்டையையும் அடைக்க வேண்டும். நெடுஞ்சாலை ஓரத்து ஷூ கடையில் பில் போடும்போது 'போன் நம்பர் சொல்லுங்க' என்கிறார்களே, சொல்ல வேண்டிய கட்டாயமே இல்லை, தெரியுமா? நம்பர் கொடுத்தால்தான் பில் என்று கடைகள் வற்புறுத்தக் கூடாது என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாதத்தில் அறிவுறுத்தியது. அதே வருஷம் ஆகஸ்டில் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாகி, படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறும் உரிமையும் அதில் இருக்கிறது. பாதுகாப்பில் கோட்டை விட்ட நிறுவனத்துக்கு அபராதம் 250 கோடி ரூபாய் வரை!

எல்லாம் செய்த பிறகும் நாலு நோட்டீஸ் வரத்தான் செய்யும். பின்பக்கம் வெள்ளையாக இருந்தால் பால் கணக்கு எழுதலாம், பிள்ளைகள் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆனால் வடையையும் பஜ்ஜியையும் மட்டும் அதில் வைக்காதீர்கள்! அச்சு மையில் ஈயம் போன்றவை இருக்கலாம் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016-லேயே எச்சரித்தது. உணவைச் செய்தித்தாளில் பொட்டலம் கட்டுவதை 2018-ஆம் ஆண்டு விதிகளே தடுக்கின்றன. பூச்சு இல்லாத தாளைத் தனியாகக் கட்டி எடைக்குப் போடுங்கள். ஈரக் குப்பையோடு சேர்ந்துவிட்டால் காகிதம் காகிதமாகத் திரும்பி வராது.

வேண்டாம் என்று சொல்வது மரியாதைக் குறைவு என்று வளர்ந்தவர்கள் நாம். வாசலுக்கு வந்தவரை வா என்று சொல்லும் ஊர். மனிதருக்கு அப்படியே இருப்போம். நோட்டீஸுக்கு வேண்டியதில்லை. இப்போதே போனை எடுத்து 1909-க்கு அந்த ஒரு வரியை அனுப்புங்கள், அம்மா போனிலிருந்தும் அனுப்புங்கள். நாளைக் காலை பேப்பர் வரும்போது வாசலில் நின்று தம்பியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.